அந்தக் கொப்பியைத் திறக்காதீர்கள்

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் பெண்பிள்ளை வளர்க்கும் அம்மா அப்பாக்களுக்கும், அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் என் சக ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஓர் அம்மா என் வீட்டுக்கு வந்தார். மலையிலிருந்து நேரே வந்திருக்கவேண்டும். கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கைக்கூட அவிழ்க்கவில்லை. ஷொப்பிங் பைக்குள் சுற்றி வைத்திருந்த ஒரு கொப்பியை எடுத்து நீட்டினார். "டீச்சர், புள்ள ராத்திரியில ஒளிஞ்சி ஒளிஞ்சி என்னமோ எழுதுறா. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்கத் தெரியும். நீங்க கொஞ்சம் வாசிச்சு சொல்லுங்க."

அவருடைய மகள் என்னிடம் ஒன்பதாம் ஆண்டு படிக்கிறாள். அது எண்பது பக்கக் கொப்பி. அட்டையில் 'கணிதம்' என்று எழுதி, பக்கத்தில் நீலப் பேனையால் ஒரு பூ வரைந்திருந்தாள். உள்ளே கணிதம் இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நான் அதைத் திறக்கவில்லை. பைக்குள் திரும்பவும் சுற்றி அவர் மடியில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றினேன். எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள் என்றேன். அவர் குடித்துவிட்டுப் போனார், ஆனால் மனம் ஆறிப் போகவில்லை. ஏன் வேண்டாம் என்கிறேன் என்று அவருக்கு விளங்கும்படி சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. சொல்ல முடியாமல் போனதைத்தான் இப்போது எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

1996ஆம் ஆண்டு நவம்பர். எனக்குப் பதின்மூன்று வயது. மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையான ஒரு காம்பராவில் நாங்கள் ஆறு பேர்: அம்மாவின் அம்மாவான அம்மாயி, அம்மா, அப்பா, அண்ணன், நான், தம்பி. கதவுக்குப் பின்னால் நின்றுதான் உடுப்பு மாற்றவேண்டும். அந்தக் காம்பராவில் எனக்கென்று இருந்த ஒரே இடம், அடுப்புக்கு மேலே விறகு காயும் அட்டல். விறகு எடுத்துப் போடுவது என் வேலை என்பதால் வேறு யாரும் அங்கே கை வைக்கமாட்டார்கள். கடைசிக் கட்டுக்குப் பின்னால் என் கொப்பி இருந்தது.

ஒருநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வரப் பிந்திவிட்டது. அம்மா தானே விறகு எடுத்திருக்கிறார்.

அம்மா இரண்டாம் வகுப்போடு நின்றவர். தம்பிமாரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். தன் பெயரை எழுதுவார், பஸ்ஸின் போர்டை வாசிப்பார், அவ்வளவுதான். என் கூட்டெழுத்து அவருக்குப் பிடிபடவில்லை. பக்கத்துக் காம்பராவில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்த ஓர் அண்ணனைக் கூப்பிட்டார். நான் வந்து சேர்ந்தபோது அவர் எங்கள் இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்.

ஏதாவது பையன் விசயமாக இருக்கும் என்று அம்மா பயந்திருக்கிறார். கொப்பியில் இருந்தது இது: "அப்பா நேற்றும் குடித்துவிட்டு வந்தார். அம்மா அழுதார். நான் தூங்குவது போலப் படுத்துக்கொண்டு கேட்டேன். அம்மாவைக் கட்டிப்பிடிக்க ஆசையாக இருந்தது. தூங்குகிறவள் எப்படிக் கட்டிப்பிடிப்பது?"

இரண்டாவது வரியிலேயே அந்த அண்ணனின் குரல் இறங்கிவிட்டது. ஆனாலும் எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் கடைசிவரை வாசித்துவிட்டார். அடுத்தடுத்த காம்பராக்களில் சட்டி பானைச் சத்தம் நின்றிருந்தது.

லயத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அங்கே எல்லாருக்கும் எல்லாம் கேட்கும். ஒருவர் இருமினால் மூன்று காம்பரா தள்ளிக் கேட்கும். கேட்டும் கேட்காதது போல இருப்பதுதான் அங்கே ஒருவருக்கொருவர் கொடுக்கும் மரியாதை. அப்பா குடித்தது அதற்கு முதல்நாளும் அந்த லயம் முழுக்கத் தெரிந்த கதைதான். ஆனால் அது ஒரு பிள்ளையின் எழுத்தாக, இன்னொருத்தர் வாயால், நட்டநடு இஸ்தோப்பில் வெளியே வந்தபோது அம்மாவின் முகம் எப்படிப் போனது என்று எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. நான் கொப்பியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடி அடுப்பில் போட்டேன். தாள் உடனே பற்றிக்கொண்டது. அட்டை மட்டும் எரிய நேரமெடுத்தது. அம்மா தடுக்கவுமில்லை, அடிக்கவுமில்லை.

அதற்காக எழுதுவதை விட முடியவில்லை. என் அண்ணனின் பழைய கொப்பிகளில் எழுதாமல் கிடந்த தாள்களைக் கிழித்து, சாக்குத் தைக்கும் ஊசியால் தைத்து ஒரு கொப்பி செய்தேன். எங்கே வைப்பது? அம்மாயியிடம் கொடுத்தேன். அவரிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது, சாவி எப்போதும் முந்தானையில். என்ன இது, என்ன எழுதியிருக்கிறாய் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரவில் நான் கை நீட்டினால் எடுத்துத் தருவார், எழுதி முடித்ததும் வாங்கி உள்ளே வைத்துப் பூட்டுவார். மூன்று வருசம். அந்தக் கொப்பியில் இன்றைக்கும் வெற்றிலையும் புகையிலையும் மணக்கிறது.

அதிலிருந்து கொஞ்சம் உங்களுக்குத் தருகிறேன். என்னுடையது, நானே தருகிறேன், அதனால் சரி.

1996 டிசம்பர்: "சிவனொளிபாத மலைக்கு லைட் போட்டுவிட்டார்கள். இஸ்தோப்பில் நின்று பார்த்தால் மாலை தொங்குவது போல இருக்கிறது. அதில் ஒரு பல்பு எங்கள் லயத்துக்குத் தந்தால் போதும்."

1997 பொங்கல்: "ஒரே மழை. விறகு ஈரம். பானை பொங்கவே இல்லை. அப்பா ஊதி ஊதிக் கண் சிவந்துவிட்டது. அம்மா சிரித்துவிட்டார். அதை எழுதிவைக்கவேண்டும் என்று நினைத்தேன்."

அந்த வருசம் ஜூனில் நான் பெரியமனுசி ஆனேன். ஆறு பேர் இருக்கும் காம்பராவில் குச்சு என்பது ஒரு மூலையில் கட்டிய பழைய சேலைதான். அதற்குள் இருந்து எழுதினேன்: "மாமா சீர் கொண்டுவந்தார். எல்லாரும் சாப்பிட்டார்கள். அம்மா கடன் வாங்கியிருக்கிறார். இனிமேல் தண்ணீர்ப் பீலிக்குத் தனியாகப் போகக்கூடாதாம். கிரவுண்டுக்குப் போகக்கூடாதாம். தம்பியோடு ஒரே பாயில் படுக்கக்கூடாதாம். சத்தமாகச் சிரிக்கக்கூடாதாம். நான் அதே ஆள்தானே?"

பிறகு ஒருநாள் விடியப்புறத்தில்: "துணி அலச இருட்டோடு போனேன். வெளிச்சம் வந்தால் ஆம்பிளைகள் வருவார்கள். தண்ணீர் ஐஸ் மாதிரி. காலில் அட்டை ஏறியது தெரியவே இல்லை."

நாற்பது வயது தாண்டிய பிறகு இதைத் திருப்பிப் பார்த்தபோது ஒரு விசயம் கண்ணில் பட்டது. ஜூனுக்கு முந்திய பக்கங்களில் அநேகமாக எல்லாமே 'நான்' என்றுதான் தொடங்குகிறது. நான் ஓடினேன், நான் பார்த்தேன், நான் கோபம். ஜூனுக்குப் பிறகு பல மாதங்களுக்கு 'நான்' இல்லை. 'அம்மா சொன்னார்', 'மாமி சொன்னார்', 'டீச்சர் பேசினார்'. எனக்கு என்ன நடந்தது என்று அந்த வயதில் யாராவது கேட்டிருந்தால் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருப்பேன். கொப்பிக்குத் தெரிந்திருக்கிறது. கடும் வரட்சியில் மவுசாகலை நீர்த்தேக்கம் வற்றினால் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரியும் அல்லவா, அதைப் பார்க்கும்போது வரும் ஒருவிதத் திகைப்பு எனக்கு அந்தப் பக்கங்களைப் பார்க்கும்போதும் வந்தது. 'நான்' திரும்பி வருவது 1998 கடைசியில். பெஞ்சில் பக்கத்தில் இருந்தவளைக் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். "அவள் இடத்தில் நான் பையை வைக்கவில்லை. டீச்சர் வைக்கச் சொன்னார். நான் வைக்கவில்லை."

ஒரு பெண்பிள்ளை எப்படி வளர்கிறாள் என்று தெரிந்துகொள்ள எத்தனையோ பேர் படிவங்களோடு நம் லயங்களுக்கு வருகிறார்கள். எத்தனை பேர் ஒரு காம்பராவில், கக்கூஸ் உண்டா, பள்ளிக்கு எவ்வளவு தூரம் என்று கேட்கிறார்கள். தேவையான கேள்விகள்தான். ஆனால் ஏன் பக்கத்தில் பை வைக்கவில்லை என்று எந்தப் படிவமும் கேட்காது.

அம்மாயி 1999இல் இறந்துபோனார். பெட்டியைத் திறந்தபோது என் கொப்பிக்குக் கீழே ஓர் இந்தியக் கடவுச்சீட்டு இருந்தது. 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியது உங்களுக்குத் தெரியும். 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு நாடுகளும் நம்மை எண்ணிப் பிரித்தன. அம்மாயிக்குக் கடவுச்சீட்டு கிடைத்தும் அவர் கப்பலேறவில்லை. ஏன் போகவில்லை என்று யாருக்கும் தெரியாது. கையொப்பம் இருக்கவேண்டிய இடத்தில் பெருவிரல் அடையாளம் இருந்தது.

தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். கொழுந்து நிறுவை காணாவிட்டால் 'அரைப்பேர்'. நம் அம்மாயிமாருடைய பெயர்கள் எழுத்தில் இருப்பது பெரும்பாலும் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில், கணக்கப்பிள்ளையின் கையெழுத்தில்தான். அவர்கள் பாடியவற்றில் கொஞ்சம் பிழைத்திருக்கிறது. மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் தோட்டத்துப் பாடல்களைக் கேட்டு எழுதிவைத்தார்கள். மீனாட்சியம்மாள் நடேசய்யர் 1930களிலும் 40களிலும் தோட்டத்து மக்களுக்காகத் தானே பாட்டுக் கட்டிப் பாடினார். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் பதின்மூன்று வயதில் ஒரு தோட்டத்துப் பிள்ளை தன் கையால் எழுதிவைத்தது என்று தேடினால் கை வெறுமையாகத்தான் திரும்புகிறது. அம்மாவுக்கு ஒரு சிநேகிதி இருந்தாராம். எழுபதுகளில் குடும்பத்தோடு தலைமன்னார் போய்க் கப்பலேறிவிட்டார். இரண்டு பேருக்கும் எழுதத் தெரியாது. அதோடு சரி. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் என்று கணக்கில் இருக்கிறது, அந்த இரண்டு பிள்ளைகளும் கடைசியாக என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எதிலும் இல்லை.

இன்றைக்கு உங்கள் மகளுக்கு எழுதத் தெரியும். அதைக் கொடுத்தது நீங்கள்தான், மழையிலும் பனியிலும் கொழுந்து எடுத்துக் கொடுத்தது. 2022இல் கொப்பி விலை ஏறியபோது ராத்தேத்தண்ணிக்குச் சீனியை நிறுத்திவிட்டுக் கொப்பி வாங்கிக் கொடுத்த அம்மாக்களை எனக்குத் தெரியும். அந்தக் கொப்பியில்தான் அவள் எழுதுகிறாள்.

ஆன் பிராங்க் என்ற பிள்ளையைப் பற்றிச் சிலருக்குத் தெரிந்திருக்கும். யூதக் குடும்பம். நாஜிகளுக்குப் பயந்து 1942 ஜூலையிலிருந்து 1944 ஆகஸ்ட் வரை அம்ஸ்டர்டாமில், அப்பாவின் தொழிலிடத்துக்குப் பின்புறம் எட்டுப் பேர் ஒளிந்திருந்தார்கள். பகலில் சத்தம் போடக்கூடாது, நடமாடக்கூடாது. நம் லயத்தை நினைத்துக்கொண்டால் அந்த நெருக்கம் உங்களுக்கு உடனே விளங்கும். அவள் அங்கே இருந்து நாட்குறிப்பு எழுதினாள். 1944 மார்ச் 28ஆம் திகதி, நாட்டை விட்டு லண்டனில் இருந்த நெதர்லாந்து அரசாங்கத்தின் அமைச்சர் ஒருவர் வானொலியில் பேசினார்: போர் முடிந்ததும் சாதாரண மக்களுடைய நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் சேகரிக்கவேண்டும் என்று. பதினான்கு வயதுப் பிள்ளை அதைக் கேட்டாள். சில வாரங்களில் தன் நாட்குறிப்பைத் திருத்தி எழுதத் தொடங்கினாள். உங்கள் எழுத்து எங்களுக்கு வேண்டும் என்று ஒரு பெரிய மனிதர் சொன்ன ஒரே வார்த்தை! நம் பிள்ளைகளைப் பார்த்து அப்படி யாராவது எப்போதாவது சொல்லியிருக்கிறார்களா?

அந்த எட்டுப் பேரில் அவளுடைய அப்பா மட்டும்தான் உயிரோடு திரும்பினார். அவள் 1945இல், பதினைந்து வயதில், முகாமில் இறந்துவிட்டாள். ஒளிந்திருந்தவர்களுக்கு உதவிய பெண்மணி அந்தத் தாள்களைப் படிக்காமல் மேசை லாச்சியில் பத்திரமாக வைத்திருந்து அப்பாவிடம் கொடுத்தார். அப்பா படித்தார். இரண்டு வருசத்துக்கு மேல் ஒரே இடத்தில், ஒரே கூரைக்குக் கீழே, மகளோடு நல்ல நெருக்கமாக இருந்தவர் அவர். படித்த பிறகுதான், தன் மகளுக்குள் இவ்வளவு இருந்தது தனக்குத் தெரியாது என்றும், பெற்றோர் பலருக்கும் பிள்ளைகளை உண்மையில் தெரியாது என்றும் சொன்னார். 1947இல் அச்சுக்குக் கொடுத்தபோது அவள் தன் உடம்பைப் பற்றி எழுதியதிலும் அம்மாவோடு கோபித்துக்கொண்டதிலும் பலவற்றை எடுத்துவிட்டார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. எந்த அப்பாவும் அதைத்தான் செய்திருப்பார். ஆனால் பிள்ளை வளர்ந்தது பெரும்பாலும் அந்தப் பக்கங்களில்தான்.

சரி, உங்கள் பயத்துக்கு வருகிறேன். அதை நான் சின்னதாக நினைக்கவில்லை. நாள் முழுக்க மலையில் நிற்கிறீர்கள். பிள்ளை தனியாக வருகிறாள், தனியாக இருக்கிறாள். போன் வேறு வந்துவிட்டது. யாராவது அவளைத் தொந்தரவு செய்தால், யாரோடாவது போய்விட்டால், உயிருக்கு ஏதும் செய்துகொண்டால் என்ற பயம் இல்லாத வீடு நம்மிடம் குறைவு. கொப்பியில் பார்த்தால் முன்கூட்டியே தெரியுமே என்று தோன்றும்.

தெரியலாம், ஒருமுறை. அதன் பிறகு அவள் உண்மையை எழுதமாட்டாள், சொல்லவும் மாட்டாள். நான் அம்மாவிடம் எதையும் சொல்லாமல் விட்டது அந்த நவம்பரிலிருந்துதான். பெரிய காரியங்கள் நடந்தபோதும் சொல்லவில்லை. அதனால் முதலில் கேளுங்கள். ரொட்டி தட்டும்போது, தலை பின்னும்போது, முகத்தைப் பார்க்காமல் கேளுங்கள், பிள்ளைகளுக்கு அப்படித்தான் வாய் வரும். உங்களிடம் வராவிட்டால் சித்தியிடமோ ஒரு டீச்சரிடமோ வரட்டும். அவளுக்கு யாராவது தீங்கு செய்கிறார்கள் என்று சந்தேகம் இருந்தால் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம். அந்த இலக்கத்தை அவளுக்கும் சொல்லிவையுங்கள். உயிர் ஆபத்து என்று உண்மையாகவே நெஞ்சு பதறினால், "எனக்குப் பயமாக இருக்கிறது, நான் இதைப் பார்க்கப்போகிறேன்" என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத் திறவுங்கள். அப்போதும் நீங்களே பாருங்கள். இன்னொருத்தரைக் கூப்பிட்டு வாசிக்கவைக்காதீர்கள்.

ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள், அதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். பை சோதிக்கும்போது அகப்படும் கொப்பியை ஸ்டாஃப் ரூமுக்குக் கொண்டுபோய் வட்டமாக நின்று வாசிப்பதை நிறுத்துவோம். நானும் ஒருமுறை அந்த வட்டத்தில் நின்றிருக்கிறேன், என்னுடைய கதையை வைத்துக்கொண்டும் வாய் திறக்கவில்லை. அந்தப் பிள்ளை அடுத்த தவணை பள்ளிக்கூடம் வரவில்லை. வேலைக்குப் போகும் ஆகக்குறைந்த வயதைச் சட்டம் 2021இல் பதினாறாக்கியது, நல்லது. ஆனால் பதினைந்தில் நிற்கும் பிள்ளைகள் ஏன் நிற்கிறார்கள் என்பதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. இன்னொன்று: 'நாட்குறிப்பு எழுதுக' என்று தமிழ்ப் பாடத்தில் எழுதவைத்து, சிவப்புப் பேனையால் ஒற்றுப்பிழை திருத்தி, புள்ளி போட்டு, நன்றாக எழுதியதை வகுப்பில் உரக்க வாசிக்கவும் வைக்கிறோம். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். ஐந்து மணிக்கு எழுந்தேன், பல் துலக்கினேன், கடவுளை வணங்கினேன் என்று எழுதித் தந்துவிடுகிறார்கள். நான் இப்போது வருசத் தொடக்கத்தில் ஆளுக்கு ஒரு கொப்பி கொடுக்கிறேன், திருப்பி வாங்குவதில்லை. வகுப்பு அலுமாரியில் ஒரு தட்டு ஒதுக்கியிருக்கிறேன். வீட்டில் இடமில்லாதவர்கள் அங்கே வைக்கலாம், சாவி வகுப்புத் தலைவியிடம். சென்ற வருசம் அந்தத் தட்டில் பதினொரு கொப்பி இருந்தது. நான் எண்ணினேன், திறக்கவில்லை.

கலியாணம் முடித்துப் போகும்போது பழைய கொப்பியை அடுப்பில் போட்டுவிட்டுப் போகும் அக்காமாரே, உங்களையும் கேட்டுக்கொள்கிறேன். யாருக்கும் காட்டவேண்டாம். எரிக்க மட்டும் வேண்டாம். ஒரு தகரப் பெட்டி போதும்.

போன தீபாவளிக்கு அம்மாவிடம் போயிருந்தபோது அந்தத் தைத்த கொப்பியை எடுத்துப் போயிருந்தேன். அம்மாவுக்கு எழுபது ஆகிறது. வாசிக்கவா என்று கேட்டேன். தலையாட்டினார். முதல் பக்கம், பழைய கொப்பி எரிந்ததற்கு அடுத்த நாள் எழுதியது: "அம்மாவுக்கு இன்றைக்கு அரைப்பேர். ஏன் என்று நான் கேட்கவில்லை. நான் அம்மாவோடு பேசுவதில்லை."

அம்மா கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் சொன்னார்: "அன்னைக்கு ஒம்பது கிலோதான் எடுத்தேன். கை ஓடல. அட்டை எரியாம கெடந்துச்சே, அதே கண்ணுக்குள்ள நின்னுச்சு. எனக்குப் படிக்கத் தெரிஞ்சிருந்தா நானே படிச்சிட்டு, உன்ன ராத்திரி கட்டிப் புடிச்சிருப்பேன். அவன் வாயால கேட்டப்புறம் எப்பிடி..."

கிட்டத்தட்ட முப்பது வருசத்துக்குப் பிறகு அதை வாசித்துக் காட்டியது நான். வாசிக்கலாமா என்று கேட்கவும், வாசிக்கவும் எனக்குத்தான் உரிமை இருந்தது. அதனால்தான் அம்மாவுக்கும் அதைச் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன்.

படங்கோடு வந்த அந்த அம்மா கொப்பியை எடுத்த இடத்தில் வைத்தாரா என்று நான் அந்தப் பிள்ளையிடம் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. நேற்று இடைவேளையில் அவள் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "டீச்சர், இன்னொரு கொப்பி இருக்கா? பழசு முடிஞ்சிருச்சி."

அன்புடன்,
தோட்டத்துப் பள்ளிக்கூடத் தமிழ் டீச்சர் ஒருத்தி,
மஸ்கெலியா.